வெளிநாட்டில் காலமான தாய் தந்தையரின் சொத்து: யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் நீண்ட காலம் காணி உறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம், எழுதும் வேலையில் இருந்தேன். தந்தையோ தாயோ கனடாவிலோ லண்டனிலோ ஜேர்மனியிலோ காலமான பிறகு பிள்ளைகள் வந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றுக்கான விடைகள் இவை. இவை சட்டத்தரணியின் ஆலோசனைக்கு ஈடாகா. ஆனால் அவர் முன்னால் போய் அமரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் காசும் மிஞ்சும், உடன்பிறப்புகளின் உறவும் மிஞ்சும். இப்படியான சொத்து இரண்டு நாட்டுச் சட்டங்களுக்குள் கிடக்கிறது. வெளிநாட்டில் அவசரப்பட வேண்டும், ஊரில் நிதானமாக இருக்க வேண்டும். நம்மவர்கள் இதை மாற்றிச் செய்வதால்தான் அதிகம் இழக்கிறார்கள்.

அப்பா ஜேர்மனியில் இறந்துவிட்டார். அந்தியேட்டி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பொறுக்கலாமா?

ஊர்க் காணிக்குப் பொறுக்கலாம். ஜேர்மனியில் உள்ளதற்குப் பொறுக்க முடியாது. அந்த நாட்டுச் சட்டத்தில் வீடும் வங்கிப் பணமும் பிள்ளைக்கு வருவதுபோலவே கடனும் வரும். வேண்டாம் என்றால், உரிமை தமக்கு வந்திருப்பது தெரிந்த நாளிலிருந்து ஆறு வாரங்களுக்குள் முறைப்படி மறுக்க வேண்டும். அந்தியேட்டி முப்பத்தோராம் நாள். அது முடிந்து வந்தவர்கள் விடைபெறும்போது உங்கள் கையில் பதினொரு நாள்தான் இருக்கும். அந்த நேரத்தில் இலங்கையில் வாழும் பிள்ளைக்கு ஆறு மாதம் உண்டு. ஜேர்மனியில் வாழும் அண்ணனுக்கு அந்தச் சலுகை இல்லை.

சுவிற்சர்லாந்தில் மறுப்பதற்கு மூன்று மாதம். பிரான்சில் இறந்தவரின் சொத்து விபரத்தை ஆறு மாதத்துக்குள் வரித் திணைக்களத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கடை நடத்தியவர், வீட்டுக் கடன் எடுத்தவர், சீட்டுப் பிடித்தவர் என்றால் முதல் வாரத்திலேயே கடன் எவ்வளவு என்று விசாரியுங்கள். துக்க வீட்டில் கணக்குப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். அப்பாவின் கடன் பிள்ளைகளின் தலையில் விழுவதை அவரே விரும்பியிருக்க மாட்டார்.

யாழ்ப்பாணத்துக் காணிக்கு எந்த நாட்டுச் சட்டம்?

காணி எங்கே இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம். கோண்டாவில் வளவுக்கு இலங்கைச் சட்டம், ஸ்காபறோ வீட்டுக்கு ஒன்ராறியோச் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 ஓகஸ்ட் 17 முதல் நடைமுறையில் உள்ள ஒழுங்குவிதி, இறந்தவர் வழக்கமாக வாழ்ந்த நாட்டின் சட்டமே முழுச் சொத்துக்கும் என்று சொல்கிறது. ஆனால் பாரிஸில் எழுதிய பத்திரத்தை மட்டும் நீட்டி யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் பெயர் மாற்ற முடியாது.

அம்மாவுக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு?

உயில் இல்லை என்று வைத்துக்கொண்டு பேசுவோம். வடமாகாணத்தை நிரந்தர இடமாகக் கொண்ட தமிழருக்கு, அவர்களின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்தும். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்டு, ஆங்கிலேயர் காலத்தில் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் சட்ட வலுப் பெற்றது அது. இன்று பங்கைத் தீர்மானிப்பது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் அதற்கு 1947இல் வந்த திருத்தமும்.

முதல் வேலை காணிகளை வகை பிரிப்பது. அப்பாவுக்குத் தாய் தகப்பன் வழியாக வந்தது முதுசம். கலியாணத்துக்குப் பிறகு சம்பாதித்து வாங்கியது தேடிய தேட்டம். அம்மாவுக்குக் கொடுத்தது அவருடைய சீதனம், அதில் அப்பாவின் இறப்பால் எதுவும் மாறாது. அப்பா காலமானால் அவர் பெயரிலுள்ள தேடிய தேட்டத்தில் பாதி அம்மாவுக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்கு. முதுசம் பிள்ளைகளுக்கே போகும். அதாவது நாற்பது வருடம் அம்மா குடியிருந்து கூட்டிப் பெருக்கிய வீடு அப்பாவின் முதுசக் காணியில் இருந்தால், சட்டப்படி அதில் அவருக்குப் பங்கு இல்லாமல் போகலாம்.

இதில் ஒரு முடிச்சு உண்டு. அப்பா வெளிநாட்டில் முப்பது வருடம் வாழ்ந்தவர், அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தவர். அவர் இன்னும் வடமாகாண வாசிதானா? ஊரை நிரந்தர இருப்பிடமாக வைத்திருந்தாரா, திரும்பி வந்து வாழும் எண்ணம் இருந்ததா என்பதை வைத்தே நீதிமன்றம் இதைப் பார்க்கும். அவருக்குத் தேசவழமை பொருந்தாது என்று முடிவானால் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பொதுச் சட்டம் வரும். அதில் முதுசம், தேட்டம் என்ற பிரிவே கிடையாது, எல்லாவற்றிலும் பாதி அம்மாவுக்கு. ஒரே காணி, ஒரே குடும்பம், ஆனால் அம்மாவின் பங்கு ஒன்றுமில்லை என்பதிலிருந்து பாதி வரைக்கும் மாறுகிறது. ஆகவே சட்டத்தரணியிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுதான். இதைக் கேட்காமல் யாரும் எந்த உறுதியிலும் ஒப்பமிட வேண்டாம்.

சட்டம் எப்படிச் சொன்னாலும், அம்மா உயிரோடு இருக்கும்வரை குடியிருக்கும் வீட்டில் அவருக்குச் சீவிய உரித்து எழுதிவிட்டுப் பிறகு பங்கு பேசுங்கள் என்றுதான் வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன். எழுபது வயதில் ஒருவர் தன் வீட்டிலேயே விருந்தாளியாக உணரக் கூடாது.

சீதனம் வாங்கிப் போன அக்காவுக்கும் பங்கு உண்டா?

பழைய தேசவழமைத் தொகுப்பில், சீதனம் பெற்ற பெண் அதோடு திருப்திப்பட வேண்டும் என்றே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு தம்பிமார் அக்காவை விட்டுவிட்டு உறுதி முடிக்கப் பார்க்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். அக்காவுக்கு உண்மையில் சீதன உறுதி எழுதப்பட்டதா, நகையும் காசும் மட்டும் கொடுக்கப்பட்டதா, கொடுத்தது யாருடைய சொத்திலிருந்து, அப்பாவுக்குத் தேசவழமை பொருந்துமா என்ற எல்லாவற்றையும் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். அக்காவின் ஒப்பம் இல்லாத காணியை விபரம் தெரிந்தவர் எவரும் நிம்மதியாக வாங்க மாட்டார். பங்கு இருக்கிறதோ இல்லையோ, காகிதங்களை அவருக்கும் காட்டுங்கள்.

அப்பா சித்தப்பாவுக்கு அற்றோணித் தத்துவம் (தமக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்திருந்தார். அதை வைத்து இப்போது காணியை விற்கலாமா?

முடியாது. தத்துவம் கொடுத்தவரின் மூச்சு நின்ற கணத்தில் தத்துவமும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அதை வைத்து எழுதிய விற்பனை உறுதிக்கு உயிர் இல்லை. எழுதியவர் நல்ல மனதோடு எழுதியிருந்தாலும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் இது எத்தனையோ குடும்பங்களில் நடந்திருக்கிறது. அப்பா சனிக்கிழமை லண்டனில் காலமாகிறார். செய்தி பரவுவதற்குள் புதன்கிழமை உறுதி முடிகிறது, காசும் கை மாறுகிறது. வாங்கியவர் மதில் கட்டுகிறார். ஐந்து வருடம் கழித்து வங்கிக் கடனுக்குப் போகும்போது, இறந்த திகதிக்கும் உறுதியின் திகதிக்கும் இடையிலுள்ள அந்த நான்கு நாட்கள் வெளிச்சத்துக்கு வருகின்றன. அப்போது வாங்கியவர், சித்தப்பா, பிள்ளைகள் என்று எல்லோரும் வழக்கில் நிற்கிறார்கள். சித்தப்பா இதுவரை காணியைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லுங்கள், செலவழித்தது இருந்தால் கொடுத்துத் தீருங்கள். பிறகு உரித்தாளர் ஒவ்வொருவரும் தம் பெயரில் புதிய தத்துவம் எழுத வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ அதிகாரியின் முன் ஒப்பமிடலாம். காணி விற்க, வழக்குப் பேச, வாடகை வாங்க என்று எல்லா அதிகாரத்தையும் ஒருவருக்குக் கொடுப்பதைவிட, இன்ன காணிக்கு இன்ன வேலைக்கு என்று வரையறுத்த விசேட தத்துவமே பாதுகாப்பு.

அப்பாவின் பெயர் உறுதியில் ஒன்று, கனேடியக் கடவுச்சீட்டில் ஒன்று. என்ன செய்வது?

இந்தக் கேள்வி வராத குடும்பம் அபூர்வம். உறுதியில் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் இருக்கும். வெளிநாட்டில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராகிவிடும். உறுதி தமிழிலும் கடவுச்சீட்டு ஆங்கில எழுத்திலும் இருப்பதால் ஒரே பெயருக்கு நாலு எழுத்துக்கூட்டல் இருக்கும். யுத்த காலத்தில் உயிர் தப்பப் போனவர்களில் சிலர் வேறு பெயரில், வேறு பிறந்த திகதியில் அகதி விண்ணப்பம் செய்து அப்படியே குடியுரிமையும் பெற்றார்கள். அவர்கள் இறக்கும்போது, இறப்புச் சான்றிதழில் உள்ளவரும் காணி உறுதியில் உள்ளவரும் காகிதத்தில் இரண்டு ஆட்களாக நிற்கிறார்கள்.

எழுத்துக்கூட்டல் வித்தியாசம் மட்டும் என்றால், இருவரும் ஒருவரே என்று விபரமறிந்த ஒருவர் சத்தியக் கடதாசி கொடுப்பதும், கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தலும் பெரும்பாலும் போதும். பெயரே வேறு என்றால் ஆதாரங்களை ஒரு சங்கிலிபோலக் கோக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பழைய அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், திருமணப் பதிவு, வெளிநாட்டில் முறைப்படி பெயர் மாற்றிய ஆவணம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் உள்ள தகப்பன் பெயர் என்று ஒவ்வொன்றும் அடுத்ததைத் தொட வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு பதிவு செய்யாமல் விட்ட திருமணங்களும், இடம்பெயர்வில் தொலைந்த சான்றிதழ்களும் இந்த இடத்தில்தான் தடையாக நிற்கும். பதிவு இருந்து காகிதம் மட்டும் தொலைந்திருந்தால் மாவட்டச் செயலகத்திலும் பிரதேச செயலகத்திலும் உள்ள பதிவாளர் பிரிவில் தேடிப் பிரதி எடுக்கலாம். ஊரில் அப்பாவை இளவயதில் அறிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றால், அவர்களின் சத்தியக் கடதாசியை இந்த வருடமே வாங்குங்கள்.

இதற்கு வெட்கப்படத் தேவையில்லை. சட்டத்தரணியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மறைத்து வைத்த பெயர் வழக்கின் நடுவில் வெளிவந்தால்தான் கஷ்டம்.

வெளிநாட்டு இறப்புச் சான்றிதழ் இங்கே செல்லுமா?

வெறும் பிரதி செல்லாது. அந்த நாட்டு அதிகாரிகளும் அங்குள்ள இலங்கைத் தூதரகமும் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவு யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலும் இயங்குகிறது. எந்த முத்திரை இன்னும் தேவை என்று கேட்க அங்கே போகலாம். பிரெஞ்சு, ஜேர்மன் மொழிச் சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்க வேண்டும். அப்பா இலங்கைக் குடியுரிமையை விடாதவர் என்றால் தூதரகத்திலேயே இறப்பைப் பதியலாம். மூலப்பிரதிகளைப் போதிய அளவு ஒரேயடியாக எடுத்துவிடுங்கள். வங்கி, நீதிமன்றம், ஓய்வூதியக் காரியாலயம் எல்லாமே தனித்தனியாகக் கேட்கும்.

நாங்கள் எல்லோரும் கனேடியக் குடிமக்கள். காணி எங்களுக்கு வருமா?

வரும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிப் பராதீனக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆனால் உரிமையாளரின் நெருங்கிய உறவினருக்கு வழியுரிமையாகவோ உயில் மூலமோ நன்கொடையாகவோ போவதற்கு அதில் விதிவிலக்கு உண்டு. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும் தடை இல்லை. கவனிக்க வேண்டியது வேறு இடம். கனேடியத் தங்கை அண்ணனின் பங்கையும் காசு கொடுத்து வாங்க நினைத்தால் அது விற்பனை, அங்கே சட்டம் குறுக்கே வரும்.

நீதிமன்றம் போகத்தான் வேண்டுமா?

சொத்தின் பெறுமதி சட்டம் குறித்த எல்லையைத் தாண்டினால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு வைத்து, இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தரும் நிர்வாகக் கடிதம் பெற வேண்டும். இன்றைய காணி விலைக்கு யாழ்ப்பாண நகரத்தில் ஒரு வீடு இருந்தாலே இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டால் வழக்கு என்ற சொல் பயமுறுத்தும் அளவுக்கு அதில் சண்டை எதுவும் இல்லை. விண்ணப்பம், பத்திரிகை அறிவித்தல், ஆட்சேபம் இருக்கிறதா என்ற விசாரிப்பு, பிறகு கடிதம். சிறிய சொத்தென்றால் உரித்தாளர் சேர்ந்து நொத்தாரிசு முன் உறுதி எழுதிப் பதிவதோடு முடிக்கலாம்.

உயில் இருந்தால் முதலில் அதன் வடிவத்தைப் பாருங்கள். 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி இலங்கையில் எழுதும் உயிலுக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகளும் வேண்டும். வெளிநாட்டு உயிலில் “இதற்கு முன் எழுதிய உயில்கள் எல்லாம் இரத்து” என்ற ஒரு வரி சாதாரணமாக இருக்கும். அது ஊரில் எழுதிய பழைய உயிலையும் சேர்த்து அழித்துவிட்டதா என்று பாருங்கள்.

காணியில் உறவினர் பல வருடமாக இருக்கிறார்கள். எங்கள் உரிமை போய்விட்டதா?

1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராகப் பத்து வருடம் இடையூறின்றி ஆண்டவர் உரிமை கோரலாம். ஆனால் அப்பாவின் அனுமதியோடு காவலுக்கு இருந்தவருக்கோ, பங்காளி ஒருவருக்கோ பத்து வருடம் கழிந்ததால் மட்டும் அது கிடைக்காது. அனுமதிக்கு ஆதாரம் வேண்டும். அப்பா எழுதிய கடிதம், அனுப்பிய காசு, சோலைவரிப் பற்றுச்சீட்டு எதையும் எறிய வேண்டாம். யுத்தத்தால் ஊர் வர முடியாதவர்களுக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட 2016இல் விசேட சட்டம் வந்தது. ஆனால் அதன்படி வழக்கு வைக்கக் கொடுத்த கால எல்லை குறுகியது.

முதலில் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்யுங்கள். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கும் காணிகளுக்குக் கள்ள உறுதி எழுதுவது இங்கே நடக்கிறது. அப்பாவின் உறுதிக்குப் பிறகு ஏதாவது பதியப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் பதிவகத்தில் எச்சரிக்கை அறிவித்தல் போட்டுவைக்கலாம். 2025 மார்ச்சில் வடக்கில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும் என்று வர்த்தமானி வந்தபோது, உறுதி அப்பா பெயரிலேயே கிடந்த புலம்பெயர் குடும்பங்களும் பதறின. எதிர்ப்பு எழுந்து அது மீளப்பெறப்பட்டது. ஆனால் உரித்தாளர் பெயரைப் பதியாமல் தலைமுறைக்கணக்கில் விட்டுவைப்பதன் ஆபத்து அந்த மாதங்களில் எல்லோருக்கும் தெரிந்தது.

அம்மா ஊரில்தான் இருந்தார். ஒன்ராறியோவில் காலமான அப்பாவின் வீட்டில் அவருக்கு என்ன உரிமை?

உயில் இல்லையென்றால், சட்டப்படியான மனைவிக்கு முதல் 350,000 கனேடிய டொலர், அதற்கு மேல் இருப்பதில் ஒரு பங்கு. ஒரு பிள்ளை என்றால் பாதி, ஒன்றுக்கு மேற்பட்டோர் என்றால் மூன்றில் ஒன்று. இங்கிலாந்தில் முதல் 322,000 பவுணும் மிச்சத்தில் பாதியும். விசா கிடைக்காமல் இருபது வருடம் கடல் கடந்து இருந்ததால் மட்டும் மனைவி மனைவியில்லாமல் போய்விடமாட்டார். மண உறவு முறிந்து மூன்று வருடத்துக்கு மேல் பிரிந்து வாழ்ந்தவர் என்று காட்டப்பட்டால் ஒன்ராறியோவில் உரிமை போகலாம். அம்மாவிடம் உள்ள கடிதங்களையும் காசு வந்த பற்றுச்சீட்டுகளையும் எடுத்து வையுங்கள்.

கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு அப்பா பணம் கட்டியிருந்தால் துணைவிக்கான மாதாந்தக் கொடுப்பனவை யாழ்ப்பாணத்திலிருந்தே கேட்கலாம். தாமதித்தால் பின்னோக்கி அதிகபட்சம் பன்னிரண்டு மாதத்துக்கே கொடுப்பார்கள். இது பலருக்குத் தெரியாமல் வருடக்கணக்கில் வீணாகிறது.

அப்பாவுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்தது இப்போதுதான் தெரிகிறது.

அந்தப் பிள்ளைகளும் அவருடைய பிள்ளைகள். அநேகமாக அந்த நாட்டுச் சட்டமும் அப்படித்தான் பார்க்கும். அவர்களை மறைத்து இங்கே நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய வேண்டாம், அது குற்றம். இரு தரப்பும் தனித்தனிச் சட்டத்தரணி வைத்துக்கொள்வது நல்லது. அம்மாவுக்கு இந்தச் செய்தியை யார் எப்போது சொல்வது என்பதையும் பிள்ளைகள் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். கந்தோரில் ஒரு பத்திரத்தைப் படித்து அவர் அறியக் கூடாது.

விற்றுக் காசைக் கொண்டுபோக நினைக்கிறோம்.

பங்காளிகளுக்கே முதலில் வாங்கும் உரிமை. வடமாகாணக் காணிக்கு 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இதைச் சொல்கிறது. பங்காளிகளுக்கு அறிவிக்காமல் வெளியாருக்கு எழுதினால் அவர்கள் வழக்கு வைக்கலாம். விற்கும் முன்பே வங்கிக்குப் போய், வெளிநாட்டில் வாழ்வோருக்கான மூலதனக் கொடுக்கல் வாங்கல் ரூபாய்க் கணக்கைப் பற்றிக் கேளுங்கள். காசு முறையான வழியில் வெளியே போக வழியுரிமைக் காகிதமும் விற்பனை உறுதியும் கேட்பார்கள். உண்டியலில் அனுப்பினால் அங்கே வரிக் கேள்விக்குப் பதில் இருக்காது.

இலங்கையில் மரணவரி இல்லை. வெளிநாட்டில் இறப்பை ஒட்டி வரி வரலாம். கனடா, இறந்தவர் இறப்பதற்கு முன் எல்லாவற்றையும் சந்தை விலைக்கு விற்றதாகக் கொண்டு இலாபத்துக்கு வரி கேட்கும், ஊர்க் காணி உட்பட. மனைவிக்குப் போகும் சொத்துக்கு அந்த வரியைப் பிற்போடலாம், ஆனால் மனைவியும் கனடாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். பிரித்தானியாவில் 325,000 பவுணுக்கு மேல் 40 வீதம், கணவன் மனைவிக்குள் போவதற்குச் சாதாரணமாக விலக்கு. 2025 ஏப்ரலுக்குப் பின் நீண்டகாலம் அங்கே வாழ்ந்தவரின் வெளிநாட்டுச் சொத்தும் இதில் அடங்கும். ஆகவே அப்பா காலமான திகதியில் காணியின் பெறுமதி என்ன என்று விலைமதிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

மூல உறுதிகளை யார் வைத்திருப்பது?

எல்லோரும் நம்பும் ஒருவர். உடன்பாடு வராவிட்டால் அம்மா பெயரிலுள்ள வங்கிப் பெட்டகம். எவரிடம் இருந்தாலும் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அன்றே அனுப்பிவிடுங்கள். உறுதி எண், திகதி, நொத்தாரிசின் பெயர், காணிப் பெயர், எத்தனை பரப்பு எத்தனை குழி என்பவை தெளிவாகத் தெரிய வேண்டும். மூலம் தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் உறுதி எண்ணை வைத்து அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம்.